வெள்ளைப் புகையும் நாலு ஹீட்டர் பிளக்கும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் ஒண்ணும் எழுதலை. விஷயம் இல்லாமல் இல்லை, சோம்பல்தான். இப்ப எழுத உட்கார்ந்ததுக்குக் காரணம் கோபம். யார் மேல கோபம்னு கேட்டா அதுதான் சிக்கல். படிச்சு முடிச்சிட்டு நீங்களே சொல்லுங்க.

போன மார்கழியில ஒரு வாரம் லீவு கிடைச்சு ஊருக்குப் போயிருந்தேன். ஊர்னா கடமலைக்குண்டு. தெரியாதவங்களுக்கு: தேனியிலேருந்து கண்டமனூர் தாண்டி வருசநாட்டுக்குப் போற ரோட்டுல, மூல வைகை பக்கத்துலேயே வரும். தென்னை, முருங்கை, இலவம் பஞ்சு. அதுக்கு மேல மலை. மயிலாடும்பாறை, மஞ்சனூத்து செக்போஸ்ட் தாண்டிட்டா அரசரடி, பொம்முராஜபுரம், இந்திராநகர்னு மலைக்குள்ள கிராமங்கள். அங்கெல்லாம் பஸ் கிடையாது. ஜீப்தான் பஸ், ஜீப்தான் ரேஷன் வண்டி, ராத்திரி யாருக்காவது முடியலைன்னா ஜீப்தான் ஆம்புலன்ஸும்.

எங்க மாமா (அம்மாவோட தம்பி) அப்படி ஒரு ஜீப் வெச்சிருக்கார். பீஜோ என்ஜின் போட்ட பழைய கமாண்டர். வண்டிக்கும் எனக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசு. யாருக்கு மைலேஜ் அதிகம்னு கேக்காதீங்க :-)

நான் போய் இறங்கின மறுநாள் காலையில அஞ்சே கால் மணிக்கு முழிப்பு வந்துடுச்சு. அலாரம் எல்லாம் இல்லை. ஜீப்போட செல்ஃப் சத்தம். வ்வ்வ்... வ்வ்வ்... வ்வ்வ்னு இழுத்துக்கிட்டே இருக்கு. நடுவுல ஒரு 'டொப்'. திரும்ப வ்வ்வ். அப்புறம் நாலு பசங்க தள்ற சத்தம், "விடுங்கடா, கியர் போடுறேன்"னு மாமா குரல், தெருவே இருமுற அளவுக்கு வெள்ளைப் புகை. எதிர் வீட்டு ஆயா கதவைச் சாத்திக்கிட்டு, "இந்தா ஆரம்பிச்சுட்டான்ல"ன்னு திட்டுது. புகைக்குள்ள ரெண்டு சின்னப் பிள்ளைங்க டம்ளரோட பாலுக்கு நிக்குதுங்க.

தினமும் இதே கதையான்னு அத்தைகிட்ட கேட்டேன். ரெண்டு மார்கழியா இப்படித்தானாம். இதுல கொடுமை என்னன்னா, அதுக்கு முந்தின வாரம் மாமா மேல அரசரடியில ஒரு ராத்திரி தங்கியிருக்கார். காலையில ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் அதிகமாகி, கீழே கொண்டு வரணும். ஜீப் கிளம்பலை. தள்ளிப் பார்க்க அங்க சமதரையும் இல்லை. ஒண்ணரை மணி நேரம் கழிச்சுத்தான் கிளம்பியிருக்கு. குழந்தைக்கு ஒண்ணும் ஆகலை, நல்லாயிருக்கு. ஆனா மாமா அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கலை.

"இனி இது சரிப்படாது மாப்ள. என்ஜின் போயிருச்சுன்னு சொல்லிட்டாங்க. போர் பண்ணி பிஸ்டன், ரிங்கு, லைனர் எல்லாம் மாத்தணுமாம். அறுபதாயிரம். பேசாம பழைய இரும்புக்குப் போட்டுறலாம்னு பாக்குறேன்" என்றார்.

வண்டியை வித்துட்டா மாமாவுக்கு வேற தொழில் கிடையாது. ஏற்கெனவே 2022 ஏப்ரல் 1-லேருந்து 15 வருஷம் தாண்டின காருக்கு ஆர்சி புதுப்பிக்கிற கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனதுல பழைய வண்டிக்காரங்க எல்லாரும் கணக்குப் போட்டுப் பார்க்க ஆரம்பிச்சுட்டாங்க. அதுக்கு மேல அறுபதாயிரம்னா யாருமே இரும்புக் கடைப் பக்கம்தான் பார்ப்பாங்க.

நான் மெக்கானிக் இல்லை. படிச்சது இன்ஜினியரிங், பார்க்கிறது சாஃப்ட்வேர். நாலு வருஷ காலேஜ்ல ஒரு டீசல் என்ஜினைக் குறுக்கே வெட்டி வெச்சிருந்ததைப் பார்த்ததோட சரி. ஆனா ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டேன்: "மாமா, பத்து மணிக்கு வண்டி எப்படி ஸ்டார்ட் ஆகுது?"

"பத்து மணிக்கா? சாவியைத் தொட்டா போதும்."

"ஆயில் குடிக்குதா?" இல்லை. "ஆயில் ஊத்துற மூடியைக் கழட்டினா ரயில் இன்ஜின் மாதிரி புகை தள்ளுதா?" அதுவும் இல்லை. "பத்துப் பேரை ஏத்திட்டு மஞ்சனூத்து மேடு ஏறுதா?" ரெண்டாவது கியர்ல ஏறுதாம்.

அப்புறம் எப்படிய்யா என்ஜின் போச்சு?

இங்கதான் எனக்குக் கோபம் வந்தது. ஆனா அந்த ஒர்க்‌ஷாப் அண்ணன் ஏமாத்துக்காரர்னு நான் நினைக்கலை. யோசிச்சுப் பாருங்க. வண்டி மக்கர் பண்றது காலையில அஞ்சு மணிக்கு. ஒர்க்‌ஷாப் திறக்கிறது ஒன்பதரைக்கு. தள்ளி ஸ்டார்ட் பண்ணி, ஒரு டிரிப் அடிச்சுட்டு, என்ஜின் நல்லா சூடான பிறகு கொண்டு போய் விடுறோம். அவர் சாவியைத் திருப்பினதும் வண்டி கிளம்புது. அவர் அந்த நோயைக் கண்ணாலேயே பார்த்தது இல்லை. நாம வாயால சொல்ற "காலையில ஸ்டார்ட் ஆகலை, புகை வருது"ங்கற நாலு வார்த்தையை வெச்சுக்கிட்டுத் தீர்ப்பு சொல்றார். பழைய வண்டி, புகை, அப்ப கம்ப்ரஷன் இல்லை. முடிஞ்சது கதை. எங்க வேலையிலேயும் இப்படி ஆளுங்க உண்டு. பிழை எங்கேன்னு பார்க்காமலே மொத்தத்தையும் திருப்பி எழுதிடலாம்பாங்க.

அதனால என் முதல் கருத்து, இதை மட்டுமாவது ஞாபகம் வெச்சுக்குங்க: குளிர்ல வர்ற கோளாறைக் குளிர்லதான் பார்க்கணும். வண்டியை முந்தின நாள் சாயங்காலமே ஒர்க்‌ஷாப்ல விட்டுட்டு வாங்க. காலையில அவரே முதல் செல்ஃப் அடிக்கட்டும். அதுக்கு ஒத்துக்காத மெக்கானிக் என்ஜினைத் திறக்க வேண்டாம்.

இப்ப கொஞ்சம் உள்ளே போவோம். (போரடிச்சா அடுத்த நாலஞ்சு பத்தியைத் தாண்டிப் போயிடலாம், கோவிச்சுக்க மாட்டேன்.)

டீசல் என்ஜின்ல ஸ்பார்க் பிளக் கிடையாதுன்னு எல்லாருக்கும் தெரியும். காத்தை அமுக்கினா சூடாகும், அந்தச் சூட்டுல டீசலைப் பீய்ச்சினா தானா பத்திக்கும். ருடால்ஃப் டீசல் 1890-களில் பண்ணிக் காட்டின விஷயம் இவ்வளவுதான். ஆனா சின்ன என்ஜின்ல, வேகமா ஓடுற என்ஜின்ல டீசலும் காத்தும் சரியா கலக்கிறது கஷ்டம். அதுக்குத்தான் சிலிண்டர் தலையில தனியா ஒரு குட்டி அறை வெச்சு அங்கே முதல்ல எரிய விடுற யோசனை வந்தது. ஜெர்மனியில பென்ஸ் கம்பெனியில வேலை பார்த்த ப்ராஸ்பர் லோராஞ்ச் 1909-ல் அதுக்குக் காப்புரிமை வாங்கினார். 1930-களில் இங்கிலாந்துக்காரர் ஹாரி ரிக்கார்டோ காத்து சுழல்ற மாதிரி அறையைக் கொண்டு வந்தார். மகிந்திரா 1979-ல் பிரான்ஸ் பெஜோவோட ஒப்பந்தம் போட்டு இகத்புரியில் செய்ய ஆரம்பிச்ச ஜீப் என்ஜின் இந்தச் சாதிதான். பழைய டீசல் அம்பாசடர், டெம்போ டிராக்ஸ், பழைய டாடா சுமோ, 2005-ல் வந்த டாடா ஏஸ் எல்லாம் இதே ஜாதகம்.

இந்தக் குட்டி அறையில ஒரு சிக்கல். அறையோட சுவர் ஜில்லுன்னு இருந்தா, அமுக்கின காத்தோட சூட்டை எல்லாம் அதுவே உறிஞ்சிக்கும். அதனாலதான் அந்த அறைக்குள்ள ஒரு ஹீட்டர் பிளக் நீட்டிக்கிட்டு இருக்கும். பேனா மூடி சைஸ்ல ஒரு குச்சி. கரண்ட் விட்டா நுனி 800, 900 டிகிரிக்குச் சிவக்கும். டீசல் அதுல பட்டுப் பத்திக்கும். நேரடியா பிஸ்டன் தலையில பீய்ச்சுற டிஐ என்ஜின்கள் பலதுல நம்ம ஊர் குளிருக்கு இது தேவையே படாது. டிராக்டர்காரர் "நாங்க என்னைக்கு ஹீட் போட்டோம்?"னு சிரிக்கிறதுக்குக் காரணம் அதுதான். அவரோட என்ஜின் வேற, மாமாவோட என்ஜின் வேற.

"கடமலைக்குண்டுல என்னய்யா குளிரு? இதென்ன காஷ்மீரா?"ன்னு நீங்க கேப்பீங்க. நானும் கேட்டேன். அதனால ஒரு சாயங்காலம் திண்ணையில உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 22 மடங்கு அமுக்கிற என்ஜின், காலை 20 டிகிரி, செல்ஃப் ஓரளவு நல்லா சுத்துது, சுவர் பக்கமா கொஞ்சம் சூடு கசியுதுன்னு வெச்சுக்கிட்டா உள்ளே காத்து சுமாரா 360 டிகிரிக்கு வருது. வெளியே 30 டிகிரின்னா உள்ளே 383. சரி, மார்கழிக்கும் சித்திரைக்கும் இருபது டிகிரிக்குக் கொஞ்சம் மேல வித்தியாசம். இப்ப என்ஜின் தேஞ்சு போய் 22 மடங்கு 18 ஆயிடுச்சுன்னு வெச்சுக்குங்க: 330. இது பெரிய தேய்மானம், ஆனா நஷ்டம் முப்பதே டிகிரி. கடைசியா, என்ஜின் நல்லா இருக்கு, ஆனா பேட்டரி சோம்பி செல்ஃப் மெதுவா சுத்துது, அதனால சூடு கசியறதுக்கு நேரம் அதிகம்: அதே 20 டிகிரி காலையில உள்ளே 270-தான் வருது!

பேப்பர் கணக்குதான், அஞ்சு பத்து முன்னே பின்னே இருக்கும். ஆனா சங்கதி புரியுதா? தேஞ்சு போன பிஸ்டன் பண்ற கெடுதியை விட, மெதுவா சுத்துற செல்ஃப் மூணு மடங்கு கெடுதி பண்ணுது. அறுபதாயிரத்துக்கு முன்னாடி பார்க்க வேண்டியது பேட்டரியும் எர்த் ஒயரும்.

மறுநாள் அஞ்சு மணிக்கு நானும் டார்ச்சோட நின்னேன். பக்கத்து ஊர்ல எலக்ட்ரிக்கல் கடை வெச்சிருக்கிற பள்ளிக்கூட சிநேகிதன் மல்டிமீட்டரோட வந்தான். நண்பேன்டா!

முதல்ல பார்த்தது புகையைத்தான், அதுவும் ஸ்டார்ட் ஆன பிறகு வர்ற புகையை இல்லை. செல்ஃப் சுத்தும்போதே சைலன்சர்ல என்ன வருதுன்னு பார்க்கணும். நிறைய பேர் விடுற இடம் இதுதான். சுத்தும்போது புகையே வரலைன்னா டீசலே உள்ளே போகலைன்னு அர்த்தம். ராத்திரியில எங்கேயோ காத்து வாங்கி டீசல் டேங்குக்கே திரும்பிப் போயிருக்கும். ஃபில்டர் வாஷர், ஓ-ரிங், கை பம்ப், ரிட்டர்ன் குழாய் எல்லாம் பார்க்கணும். கை பம்பை நாலு அடி அடிச்சதும் கிளம்பிச்சுன்னா சந்தேகமே வேண்டாம். சுத்தும்போதே வெள்ளையா, கண்ணு எரியுற மாதிரி, டீசல் வாசனையோட புகை வந்தா: டீசல் போகுது, எரியலை. அந்த வெள்ளை வேற ஒண்ணும் இல்லை, எரியாத டீசல்தான் ஆவியா வெளியே வருது.

மாமா ஜீப் ரெண்டாவது ரகம்.

நிறத்துல இன்னும் கொஞ்சம் இருக்கு. ஸ்டார்ட் ஆன முதல் சில வினாடி நீலமா வந்து நின்னுட்டா ராத்திரி வால்வு சீல் வழியா இறங்கின ஆயில். நாள் முழுக்க நீலம்னா அப்பத்தான் ரிங் பேச்சே எடுக்கணும். கறுப்புன்னா டீசல் அதிகம் அல்லது காத்துக் கம்மி. முதல்ல ஏர் ஃபில்டரைக் கழட்டித் தட்டுங்க. டீசல் வாசனையே இல்லாம வெள்ளை ஆவி வந்து, ரேடியேட்டர் தண்ணியும் குறைஞ்சுக்கிட்டே போனா ஹெட் கேஸ்கெட். அதைத் தள்ளிப் போடாதீங்க. குளிர்ல முதல் ஒரு நிமிஷம் லேசா வர்ற நீராவி எல்லா வண்டிக்கும் உண்டு, பயப்பட வேண்டாம்.

அடுத்தது ஹீட்டர். டேஷ்போர்டுல ஹீட்டர் லைட் எரியுது, மாமா இருபது எண்ணிட்டு சாவி திருப்புறார். "லைட்டு எரியுதுல்ல மாப்ள, ஹீட்டர் வேலை செய்யுது." அந்த லைட்டுக்கும் பிளக்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை! லைட் எரியுதுன்னா அந்த லைட் நல்லா இருக்குன்னு மட்டும்தான் அர்த்தம்.

நாலு பிளக்கையும் இணைக்கிற பட்டையைக் கழட்டினோம். பேட்டரி ப்ளஸ்லேருந்து ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பு வழியா ஒயர் எடுத்து ஒவ்வொரு பிளக் தலையிலும் தொட்டுப் பார்த்தான். பல்பு எரிஞ்சா பிளக்குக்குள்ள கம்பி உசிரோட இருக்கு. ஒண்ணாவது எரிஞ்சது. ரெண்டாவது எரியலை. மூணாவது எரியலை. நாலாவது எரிஞ்சது. நாலுல ரெண்டு பரலோகம். மல்டிமீட்டர்லேயும் பார்த்தோம்: நல்ல பிளக் ஒரு ஓமுக்கும் கீழே காட்டும், செத்தது ஒண்ணுமே காட்டாது. இவ்வளவுக்கும் ஆன நேரம் பத்து நிமிஷம். செலவு ஒரு பல்பு.

பட்டையைத் திரும்ப மாட்டி, ஹீட் போட்டு, பட்டைக்கு எவ்வளவு வோல்ட் வருதுன்னு பார்த்தோம். பேட்டரியில 11.4. பட்டையில 8! மூணரை வோல்ட் வழியிலேயே காணோம். எப்பவோ ரிலே போனப்ப யாரோ ஒருத்தர் ஒரு அழுத்துற சுவிட்சு வெச்சு, ஹார்னுக்குப் போடுற மெல்லிசு ஒயரை இழுத்து விட்டிருக்காங்க. ஒயர் தோல் கருகிப் போயிருந்தது. ஹீட்டர் சூடு வோல்ட்டோட இருமடிக்கு ஏத்த மாதிரி போகும், அதனால 11-க்குப் பதிலா 8 வந்தா சூடு கிட்டத்தட்ட பாதி. அதாவது நாலு பிளக்ல ரெண்டு செத்துப் போச்சு, மிச்ச ரெண்டும் அரை வயித்துக் கஞ்சி குடிச்சிக்கிட்டு வேலை பார்க்குது. பாவம்.

எர்த்துக்கு வந்தோம். என்ஜினுக்கும் சேசிஸுக்கும் நடுவுல இருக்கிற பின்னல் பட்டை பச்சை பூத்துக் கிடந்தது. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரிக்கும் செல்ஃப் மோட்டாருக்கும் நடுவுல வோல்ட் கரைஞ்சு, மோட்டார்ல 8.6-தான் நிக்குது. பட்டையை மாத்தி, டெர்மினலைச் சுரண்டி, வாசலின் தடவின பிறகு அதே பேட்டரி 9.9. செல்ஃப் சத்தமே மாறிடுச்சு.

சாமான் எல்லாம் தேனியில வாங்கினோம். பிளக் நாலையும் ஒரே செட்டா மாத்தினோம் (செத்த ரெண்டை மட்டும் மாத்தினா மிச்ச ரெண்டும் அடுத்த மாசம் போகும்), புது ரிலே, தடிமனான ஒயர், எர்த் பட்டை. மொத்தம் 2,700 ரூபாய். சிநேகிதனுக்குக் கூலி கொடுக்கப் போனா வாங்க மாட்டேன்னுட்டான், பரோட்டாவோட முடிஞ்சது.

ஒரு எச்சரிக்கை. பழைய பிளக் கழட்டும்போது என்ஜின் கொஞ்சம் சூடா இருக்கட்டும், முந்தின நாளே திருகுல எண்ணெய் விட்டு வைங்க. நுனி உப்பிப் போய், முரட்டுத்தனமா திருகினா உள்ளேயே ஒடிஞ்சு விழும். அப்புறம் நிஜமாவே ஹெட்டை இறக்க வேண்டியதுதான். கழட்டின பிளக்கை வெளியில வெச்சு நேரா பேட்டரியில தொட்டுச் சிவக்குதான்னு பார்க்கிற விளையாட்டும் வேண்டாம்.

சரி, இப்ப நான் நிஜமா திட்ட வந்த விஷயம்.

காலையில ஸ்டார்ட் ஆகாத வண்டியோட வாழறதுக்கு நம்ம ஆளுங்க ஒரு பெரிய கலாச்சாரமே வளர்த்து வெச்சிருக்காங்க. முதலாவது, மேட்டுல நிப்பாட்டுறது. எங்க ஊர்ல ராத்திரி நடந்து போனீங்கன்னா எந்தெந்த ஜீப்புக்கு ஹீட்டர் இல்லைன்னு நிக்கிற இடத்தை வெச்சே சொல்லிடலாம். காலையில ஹேண்ட் பிரேக்கை விட்டு உருட்டி, கியர் போட்டு விடுவாங்க. இதுல யாரும் யோசிக்காத ஒண்ணு இருக்கு. டீசல் வண்டியில பிரேக் பூஸ்டருக்கு வேணும்கிற வேக்குவம் என்ஜின் ஓடுனாத்தான் வரும். என்ஜின் செத்துக் கிடக்கும்போது இறக்கத்துல உருட்டினா, பிரேக் மிதி கல்லு மாதிரி இருக்கும். மார்கழி இருட்டு, தெருவுல கோலம் போடுறவங்க உட்கார்ந்திருக்காங்க. ரெண்டு டன் இரும்பு பாதி பிரேக்கோட வருது. இதை நாம 'டெக்னிக்'னு பெருமையா வேற சொல்லிக்கிறோம்.

ரெண்டாவது, பெட்ரோல் துணி. ஏர் ஃபில்டர் வாய்ல பெட்ரோல் நனைச்ச துணியைக் காட்டுறது, இல்லைன்னா டப்பாவுல வர்ற ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிக்கிறது. அந்த ஸ்ப்ரேல இருக்கிற ஈதர் 160 டிகிரியிலேயே பத்திக்கும். டீசலுக்காகக் காத்துக்கிட்டு இருக்கிற சிவந்த பிளக் முன்னாடி அதைப் பீய்ச்சினா, பிஸ்டன் மேலே ஏறி வரும்போதே வெடிச்சு அதைக் கீழே தள்ளும். காலையில கேக்குற அந்த 'டொங்' சத்தம் ரிங் ஒடியற சத்தம்னு வெச்சுக்குங்க. ரெண்டு மார்கழி இப்படி அடிச்சா, 'கம்ப்ரஷன் போச்சு'ங்கற பொய்த் தீர்ப்பு நிஜமாவே ஆயிடும். மாமா அடிச்சாரான்னு கேட்டேன். பதில் வரலை. அத்தைதான் "பரண் மேல ரெண்டு டப்பா கெடக்கு"ன்னு போட்டுக் கொடுத்தாங்க. ஹீட்டர் ஒழுங்கா இருக்கிற வண்டிக்கு ஸ்ப்ரே தேவையில்லை, ஹீட்டர் இல்லாத வண்டிக்குத் தேவை ஹீட்டர். இதுல நடுவுல ஸ்ப்ரேக்கு இடமே இல்லை.

மூணாவது, ஒரு தடவை ஸ்டார்ட் ஆயிடுச்சுன்னா அணைக்கவே பயந்துக்கிட்டு ஸ்டாண்டுல ஒரு மணி நேரம் சும்மா ஓட விடுறது. பாதி எரிஞ்ச புகை, பக்கத்துல டீக்கடை, பள்ளிக்கூடப் பிள்ளைங்க. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியான முதல் வகையில சேர்த்தது 2012-ல். பீடிக்கட்டு மேல எச்சரிக்கைப் படம் போடுறோம், இதுக்கு மட்டும் "வண்டி சூடாகட்டும்"னு சொல்லிட்டு டீ குடிக்கிறோம்.

"அதுக்குத்தானே பொல்யூஷன் சர்டிபிகேட் இருக்கு?" இருக்கு. மாமா வண்டிக்கும் இருக்கு, வரம்புக்குள்ளதான். பழைய டீசல் வண்டிக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் வரைக்கும் புகை விடலாம். ஆனா அந்தச் சோதனையை என்ஜின் நல்லா சூடான பிறகு, ஆயில் 60 டிகிரிக்கு வந்த பிறகு, ஆக்சிலேட்டரை அமுக்கித்தான் பண்றாங்க. பண்ணவும் வேணும், இல்லைன்னா வண்டிக்கு வண்டி ஒப்பிட முடியாது. ஆனா காலையில அஞ்சே காலுக்கு அந்தத் தெருவே மூச்சு விட முடியாம இருமுற வெள்ளைப் புகை எந்தக் காகிதத்துலேயும் ஏறாது. அந்தப் பொறுப்பு வண்டிக்காரர்கிட்டதான் இருக்கு. பழைய வண்டிகளை ஒழிக்கணும்னு சொல்ற பட்டணத்துக்காரங்க மேலயும் எனக்குக் கோபம் உண்டு. மலைக்கு மேல போறதுக்கு அவங்க வேற வண்டி தரப் போறது இல்லை. ஆனா, பழைய வண்டின்னா புகையத்தான் செய்யும்னு சொல்ற எங்க ஊர்க்காரங்க மேலயும் அதே அளவு கோபம். புகையாது சாமி. நான் பார்த்தேன்.

அதே மாதிரி "இப்ப வர்ற டீசல் சரியில்லை, அதான்"னு ஒரு சாக்கு. 2020 ஏப்ரல்லேருந்து நாடு முழுக்க வர்ற பிஎஸ்-6 டீசல்ல கந்தகம் 10 பிபிஎம்தான். பத்திக்கிற குணத்தைச் சொல்ற சீட்டேன் எண் 51. இந்த ஜீப் பிறந்த காலத்து டீசலை விட இது சீக்கிரம் பத்திக்கிற டீசல். டீசல் மேல பழி போடாதீங்க.

புது பிளக் மாட்டின மறுநாள் காலை. அஞ்சு மணி. பசங்க நாலு பேரும் தள்றதுக்குப் பழக்க தோஷத்துல வந்து நிக்கிறாங்க. மாமா ஹீட் போட்டு பதினஞ்சு எண்ணினார். சாவி. ஒண்ணரை சுத்து. புர்ர்ர்ர்.... லேசா ஒரு வெள்ளை, பத்துப் பதினஞ்சு வினாடி, அவ்வளவுதான். எதிர் வீட்டு ஆயா கதவைத் திறந்து, "என்னய்யா, வண்டி மாத்திட்டியா?"ன்னு கேட்டுச்சு. மாமா பதில் சொல்லலை. பானெட்டை ஒரு தட்டு தட்டிட்டு ஏறி உட்கார்ந்துக்கிட்டார்.

முழுக்கச் சரியாயிடுச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். கழட்டின பிளக்குகளைப் பார்த்தப்ப மூணாவதோட நுனி மட்டும் கரைஞ்சு ஊசி மாதிரி ஆகியிருந்தது. அது வயசுல செத்தது இல்லை, கொன்னிருக்காங்க. அந்த சிலிண்டர் நாசில் பூவா தூவாம ஒழுகுது, ஒழுகின டீசல் பிளக் மேலேயே நின்னு எரிஞ்சிருக்குன்னு அர்த்தம். நாசிலைக் கழட்டி பம்ப் சர்வீஸ்காரர்கிட்ட கொடுத்து டெஸ்ட் பண்ணலைன்னா புது பிளக்கும் அதே வழியில போகும்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்.

"ஓடுதுல்ல மாப்ள, பொங்கல் முடியட்டும்" என்றார்.

பொங்கல் முடிஞ்சு மூணு மாசம் ஆச்சு. நேத்து போன் பண்ணினப்ப, "காலையில ஒரு சிலிண்டர் லேசா மக்கர் பண்ற மாதிரி இருக்கு, மூணாவதுதான்னு நெனைக்கிறேன். அந்த பல்பை எங்கிட்டு வெச்சுட்டுப் போன?"ன்னு கேட்டார்.

டிஸ்கி: உங்க ஊர்ல பழைய சுமோ, டிராக்ஸ், அம்பாசடர் வெச்சிருக்கிறவங்க காலையில என்ன பண்றாங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. ஸ்ப்ரே டப்பா வெச்சிருக்கிறவங்களும் தைரியமா சொல்லலாம், அத்தைகிட்ட சொல்ல மாட்டேன்.